ஐந்து சுற்று

குவெட்டா
21 பிப்ரவரி 1998

பல்வஷாவின் அப்பாவுக்கு,

சலாம். பாபா மௌத்தான செய்தியை உங்கள் அண்ணன் லாலா கடை போனில் சொல்லிவிட்டார். என்ன சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். பல்வஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "உன் பொண்டாட்டி ஹீட்டரை முழுசா தொறந்து விட்டுட்டுப் போயிட்டா, பாபா போயிட்டாரு." ஒன்பது வயதுப் பிள்ளை அதை அப்படியே என்னிடம் வந்து ஒப்பித்தாள்.

நடந்ததை நான் சொல்கிறேன். திங்கட்கிழமை, பத்து நாள் கழித்து வெயில் அடித்தது. சந்து முழுக்க ஹீட்டரை அணைத்துவிட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உங்கள் அப்பா மட்டும் அசையவில்லை. "இந்த வெயிலு உங்க லாலா சிரிப்பு மாதிரி. பல்லுதான் தெரியும், சூடு இருக்காது" என்றார். லுஹர் தொழுதுவிட்டுப் படுத்தார். நான் தந்தூரில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அசர் நேரத்துக்குத் தேநீர் எடுத்துப் போனேன். ஹீட்டரின் தீ கம்பிக் கூண்டுக்கு மேல் ஒரு சாண் எழும்பி நின்றது. நீலமே இல்லை, அத்தனையும் மஞ்சள். பின்சுவர் கரி. பாபாவின் முகம் சிவந்து, தூங்குகிறவர் மாதிரியே இருந்தார். கன்னத்தைத் தட்டினேன். தேநீர்க் கோப்பை எப்போது கீழே விழுந்தது என்று தெரியவில்லை.

குமிழைத் திறந்தது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. தினமும் காலையில் திறப்பது போலத்தான் திறந்தேன். தீயை அந்த உயரத்துக்கு ஏற்றியது குமிழ் இல்லை.

ஜனவரியில் நம் குழாயில் கேஸ் நூல் மாதிரி வரும். நம் சந்து ஆண்கள் எல்லோரும் ரெகுலேட்டர் மூடியைக் கழற்றி, கேஸ் கூடுதலாக வர உள்ளே இருக்கிற திருகை மூன்று சுற்று இறுக்குவார்கள். மார்ச்சில் நவ்ரோஸ் பண்டிகை வந்து, கேஸ் திரும்பப் பலமாக வரும்போது மூன்று சுற்று தளர்த்துவார்கள். தளர்த்தாவிட்டால் தீ மீறி எழும்பி அடைத்த அறையில் காற்று விஷமாகும்; திங்கட்கிழமை சந்தே ஹீட்டரை அணைத்ததால் கேஸ் அன்றைக்கே பலமாக வந்துவிட்டது. இதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பெருநாள் முடிந்து ஐந்தாம் நாள், நீங்கள் சார்ஜாவுக்குக் கிளம்பிய காலை, டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். கட்டிலில் இருந்தபடி பாபா உங்களைக் குத்திக்கொண்டே இருந்தார். "நீ போயி அங்க வெயில் காயப் போற. அப்பன் இங்க விறைச்சுச் சாகட்டும்." மூன்று சுற்று வைத்துவிட்டு, "போதுமா பாபா?" என்றீர்கள். "வத்திக்குச்சி இதைவிட நல்லா எரியும்டா" என்றார். உங்கள் காது சிவந்தது. நான்கு. ஐந்து. திருகின்மேல் கம்பெனிக்காரன் இந்த வருடம் புதிதாகப் பூசியிருந்த சிவப்புச் சாயம் உடைந்து என் உள்ளங்கையில் விழுந்தது.

"பனி விட்டதும் யார் தளர்த்துறது?" என்று கேட்டேன். "லாலாகிட்ட சொல்லிட்டுப் போறேன். நீ கை வெச்சுராத, பொம்பள கை பட்டா ஸ்பிரிங் கெட்டுப்போகும்" என்றீர்கள். லாலாவிடம் நீங்கள் சொல்லவில்லை.

நான் உங்களைக் கொலைகாரர் என்று சொல்லவில்லை. பாபாவும் கேட்டார், நீங்களும் திருகினீர்கள். லாலாவுக்கு ஒரு வரி எழுதுங்கள், அது போதும்.

ஸர்குனா

*

சார்ஜா
1 மார்ச் 1998

ஸர்குனாவுக்கு,

பெற்ற தகப்பனுக்கு மூன்று பிடி மண் தள்ளக் கொடுத்துவைக்காத பாவி எழுதுகிறேன். இந்த அறையில் பதினொரு பேர் படுக்கிறோம். அழுவதற்குக் குளியலறைதான் இடம், அங்கேயும் கதவைத் தட்டுகிறார்கள். இந்த நிலைமையில் இருக்கிறவனுக்கு எழுதுகிற கடிதமா அது? ஆறுதலாக ஒரு சொல் உண்டா அதில்? போலீஸ்காரன் எழுதினதுபோல் ஒன்று, இரண்டு என்று எண்ணியிருக்கிறாய்.

நான் மூன்று சுற்றுதான் திருகினேன். ஊரே திருகுவது அதுதான். ஐந்து எங்கிருந்து வந்தது? டார்ச் பிடிக்கிறவளுக்கு வெளிச்சம் தெரியும், திருகுகிறவனுக்குத்தான் கணக்கு தெரியும்.

லாலாவிடம் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். பஸ் ஏறுகிற அவசரத்தில் சொல்லியிருப்பேன், அவர் மறந்திருப்பார். அதைப் போய் இப்போது அவரிடம் கிளறவா? அப்பாவை அடக்கம் செய்த கை அவருடையது.

அது இருக்கட்டும். ஜன்னலில் ஒரு விரல் சந்து விட்டுவை என்று உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன்? வெயில் அடிக்கிற பகலில் ஹீட்டர் எதற்கு? நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? தந்தூரிலிருந்து அந்த அறைக்குப் பத்து எட்டு. எழுபத்தெட்டு வயது மனிதர், மூச்சு அதுவாக நின்றிருக்கலாம், அதுவும் யாருக்குத் தெரியும்?

கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இரு. துக்க வீட்டில் நாலு பேர் நாலு விதமாகத்தான் பேசுவார்கள். ஆறிவிடும்.

பாபாவின் தஸ்பீஹ் மணியை யாராவது இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் கொடுத்துவிடு. கறுப்பு மணி, ஒரு மணி உடைந்திருக்கும்.

தாவர்

*

குவெட்டா
8 மார்ச் 1998

பல்வஷாவின் அப்பாவுக்கு,

தஸ்பீஹ் உங்கள் லாலா மனைவியின் மாடத்தில் இருக்கிறது. என்னை அந்தப் பக்கம் விடுவதில்லை. அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜன்னலில் சந்து விட்டேன். உங்கள் அப்பா மைதாப் பசை காய்ச்சச் சொல்லி, பழைய பத்திரிகை ஒட்டி அடைத்தார். நான் மூலையைக் கிழித்துவிட்டால், பழைய தலைப்பாகைத் துணியை அதில் திணிப்பார். காலையில் நான் பிடுங்குவேன், மத்தியானம் அவர் திணிப்பார். "என்னைக் குளிரவெச்சுக் கொல்லத்தான் உன்னை விட்டுட்டுப் போனானா?" என்று கேட்பார். இப்போது ஊரும் அதையே கேட்கிறது, குளிர வைத்து என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஆறிவிடும் என்கிறீர்கள். இந்த வீட்டில் என் கையால் கொடுத்த தேநீரை யாரும் குடிப்பதில்லை. இஃப்தாருக்கு முப்பது பேருக்கு ஆக்கிப் போட்ட கை இது. வாசலில் தொங்குகிற உப்புக்கண்டத்தை நறுக்கப் போனால் உங்கள் அண்ணி ஓடி வந்து கத்தியை வாங்கிக்கொள்கிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எங்கே இருக்கிறது என்று நமக்கு இரண்டு பேருக்கும் தெரியும்.

கேஸ் வேலை பார்க்கிற மேஸ்திரி குர்பானை ஆள் விட்டு அழைத்தேன். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, சமையலறை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று சொன்னார்: "தங்கச்சி, திருகு ரொம்ப உள்ள போயிருக்கு. இதுதான் ஆளைக் கொன்னிருக்கு. ஆனா யார் திருகினதுன்னு திருகு பேசாது. உன் வீட்டுக்காரரு ஒரு வரி எழுதட்டும், நான் சபையில வந்து சொல்றேன். உன் பேச்சை வெச்சுக்கிட்டு நான் வந்தா, என்னைச் செருப்பால அடிப்பாங்க."

இன்னொன்று. பாபா அறையைப் பூட்டிவிட்டு, ஹீட்டரைக் குழந்தைகள் அறைக்கு மாற்றிவிட்டார் லாலா, ரெகுலேட்டரோடு. திருகை யாரும் தொடவில்லை. பல்வஷாவின் தலைமாட்டில் இருக்கிறது. நீயே தளர்த்திவிடேன் என்பீர்கள். நான் தளர்த்தினால், நீங்கள் திருகினதற்கு இருக்கிற ஒரே சாட்சி போய்விடும். உடைந்த சாயத்தைப் பார்த்து, "இவளேதான் திருகியிருக்கா, இப்ப மறைக்கிறா" என்பார்கள். அதனால் தினமும் பிள்ளைகள் படுக்குமுன் சுவர்க் குழாயை அடைத்துவிட்டு நானும் அங்கேயே படுத்துக்கொள்கிறேன். குளிருகிறது என்று அதற்கும் திட்டு.

பல்வஷா என் கையால் பால் குடிக்க மாட்டேன் என்கிறாள். போன வாரத்திலிருந்து.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா இருபத்தேழாம் தேதி, வெள்ளிக்கிழமை. அன்றைக்குப் பெரியவர்கள் உட்கார்ந்து என் விஷயம் பேசுகிறார்கள். முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று. நான் பிஷினில் என் அப்பா வீட்டுக்குப் போக வேண்டும். பல்வஷா உங்கள் குடும்பத்துப் பிள்ளை, இங்கேயே இருப்பாள்.

எழுதுங்கள்.

ஸர்குனா

*

சார்ஜா
15 மார்ச் 1998

ஸர்குனா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை.

சரி. லாலாவிடம் நான் சொல்லவில்லை. பஸ் நிலையத்தில் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் என் கழுத்தில் சால்வையைச் சுற்றிவிட்டு, "அப்பனைப் பத்திக் கவலைப்படாத, நான் இருக்கேன்" என்றார். அழுகை வந்துவிட்டது, ரெகுலேட்டர் மறந்துவிட்டது. இங்கே விமானம் இறங்கி, வெக்கை முகத்தில் அடித்ததும் ஞாபகம் வந்தது. நவ்ரோஸுக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறதே, அடுத்த கடிதத்தில் எழுதலாம் என்று விட்டுவிட்டேன். பிப்ரவரியில் ஒரு பாழாய்ப்போன வெயில் அடிக்கும் என்று யார் கண்டது?

பாபா என்னை ஒரு நாளாவது மெச்சியிருக்கிறாரா, சொல். லாலா எது செய்தாலும் சிங்கம், நான் எது செய்தாலும் பூனை. அன்றைக்கு அந்தத் தீ நீலமாக எழும்பினபோது, "ஆங், இப்பத்தான்டா ஆம்பள திருகின மாதிரி இருக்கு" என்றார். நீ கேட்டாய்தானே? அவர் என்னை மெச்சினது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

போனில் லாலா குரலைக் கேட்டால் எனக்கு இதைச் சொல்ல வாய் வராது, எழுதத்தான் முடியும். இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். லாலாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கு வருகிற கடிதத்தை எல்லாம் யார் வாசிக்கிறார்கள்? பல்வஷா. விருந்தறையில், எல்லா ஆண்களும் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் நின்று வாசிப்பாள். உன்னிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் நம்ப மாட்டார்கள். பள்ளிவாசல் மௌலவியிடம் போகவும் மாட்டார், வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்பார். அப்பன்தான் தாத்தாவைக் கொன்றான் என்று என் மகள் வாயாலேயே நான் சொல்ல வைக்கவா?

கொஞ்சம் பொறுத்துக்கொள். பிஷினுக்குப் போ, உன் அப்பா வீடுதானே. இரண்டு வருடத்தில் நான் வருவேன். வந்ததும் உன்னை அழைத்துக்கொண்டு வந்து, எல்லோர் முன்னாலும் உன் கையால் தேநீர் வாங்கிக் குடிப்பேன். உனக்கு நெஞ்சுரம் உண்டு, எனக்கு இல்லை. அது கல்யாணமான முதல் மாதமே நமக்குத் தெரிந்த விஷயம்.

தாவர்

*

குவெட்டா
19 மார்ச் 1998

பல்வஷாவின் அப்பாவுக்கு,

பக்கத்து வீட்டு ரஹ்மத்தின் மச்சான் நாளை விமானம் ஏறுகிறான். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அப்பன் தாத்தாவைக் கொன்றான் என்று மகள் வாசிக்கக் கூடாது. சரி. அம்மா தாத்தாவைக் கொன்றாள் என்று அவள் ஒரு மாதமாகத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அது பரவாயில்லையா? நேற்று பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை இவளோடு ரொட்டி பங்கு போட மாட்டேன் என்றதாம். "உங்கம்மா சுட்டதா? வேணாம்பா."

என் நெஞ்சுரத்தைப் புகழ வேண்டாம். பாரம் தூக்குகிற கழுதையையும் அப்படித்தான் புகழ்கிறார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் போய்விட்டால் தினமும் அந்தச் சுவர்க் குழாயை அடைக்க யார் இருக்கிறார்கள்? நவ்ரோஸுக்கு இன்னும் இரண்டே நாள். கேஸ் ஏறப் போகிறது. உங்கள் மகளின் தலைமாட்டில்.

அவள் வாசிப்பாளே என்று பயப்படுகிறீர்கள். வாசிக்கிறதற்கு அவள் இருக்க வேண்டாமா?

ஸர்குனா

*

சார்ஜா
24 மார்ச் 1998

ஸர்குனா,

எழுதிவிட்டேன். இதைக் கொண்டுவருகிற ஆளிடமே லாலாவுக்குத் தனி உறையும் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். நான் மறுபடி கோழையாகிவிட்டேன் என்று நீ நினைக்கக் கூடாது என்பதற்காக, அதில் எழுதினதை இங்கே அப்படியே பெயர்த்து எழுதுகிறேன்:

"லாலா, பாபா அறை ஹீட்டரின் ரெகுலேட்டரை நான் கிளம்பின அன்று மூன்று சுற்று இறுக்கினேன். பனி விட்டதும் தளர்த்தச் சொல்லி உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். அதனால்தான் தீ மீறி எரிந்தது. பாபாவின் மௌத்துக்கு நான்தான் பொறுப்பு. ஸர்குனாமேல் குற்றமில்லை. அவளை அனுப்பாதீர்கள். அந்தத் திருகை மேஸ்திரி குர்பானை வைத்து உடனே மூன்று சுற்று தளர்த்திவிடுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்."

கை நடுங்கினபடியேதான் எழுதினேன். இப்போது உனக்குத் திருப்திதானே?

பல்வஷா வாசித்து முடித்ததும் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள். அப்பா கெட்டவன் இல்லை என்று சொல்.

தாவர்

*

பிஷின்
3 ஏப்ரல் 1998

பல்வஷாவின் அப்பாவுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்ததும் விளங்கியிருக்கும்.

உங்கள் கடிதம் இரண்டும் வியாழக்கிழமையே வந்தன. என் கடிதத்தைப் படித்துவிட்டு, எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்று நன்றாகச் சாப்பிட்டேன். லாலா தன்னுடையதைப் பிரிக்கவில்லை. "தம்பி எழுத்து, சபையில வெச்சே கேப்போம்" என்றார். எனக்கு அதுவும் நல்லதாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை ஃபாத்திஹா முடிந்து சோறு போட்டார்கள். மேஸ்திரி குர்பான் சொன்ன சொல் தவறாமல் வந்து, கதவோரம் உட்கார்ந்திருந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். பல்வஷா நடுவில் நின்று உறையைக் கிழித்தாள். பச்சைச் சட்டை, பெருநாளுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்தது.

"லாலா, பாபா அறை ஹீட்டரோட ரெகுலேட்டரை நான் கிளம்பின அன்னைக்கு" என்று வாசித்தாள். நின்றாள். நீங்கள் அடுத்து என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்கு மனப்பாடம். திரைக்குப் பின்னால் என் உதடு அந்த வரியைச் சொல்லிவிட்டது. அவள் கண் கடைசி வரி வரை ஓடிவிட்டு மேலே வந்தது.

"நான் கிளம்பின அன்னைக்கு சரியா வெச்சுட்டுத்தான் வந்தேன்" என்று வாசித்தாள். குரல் பிசகவில்லை. "ஸர்குனா தெரியாம செஞ்சிருப்பா. அவளை அடிக்காதீங்க. அவங்க அப்பா வீட்டுக்கு அனுப்பிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

எல்லோரும் அழுதார்கள். "பாத்தியா, பொண்டாட்டிக்காக என் தம்பி என் கால்ல விழுறான்" என்று லாலா குலுங்கினார். கடிதத்தை முத்தமிட்டு, கையில்லாக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். இன்னமும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் குற்றத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வாசிக்கத் தெரியாமல் திரிகிறார். குர்பான் யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கொல்லையில் அவளைப் பிடித்தேன். கையை ஓங்கிவிட்டேன். அவள் நகரவில்லை.

"அப்பா தூரத்துல இருக்காரு" என்றாள். "இது தெரிஞ்சா பெரியப்பா அவரை வீட்டுக்குள்ளயே விடமாட்டாரு. அப்புறம் அவர் வரவே மாட்டாரு. நீ பிஷினுக்குத்தானம்மா போற? பஸ்ல ஒரு மணி நேரம்தான்."

பிறகு, "நீ கொல்லலைன்னு எனக்கு இப்பத் தெரியும்ல" என்றாள். சமையலறைக்குப் போய்ப் பால் ஊற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, அதை என் கையிலிருந்தே வாங்கிக் குடித்தாள். யாரும் பார்க்காதபோதுதான்.

அந்தக் கடிதத்தை மௌலவியிடம் காட்டுங்கள் என்று லாலாவிடம் நான் ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. உங்களுக்காக இல்லை. அவ்வளவு ஆண்கள் முன்னால் வாசித்ததைப் பொய் என்று காட்டினால், பல்வஷா அந்த வீட்டில் ஆயுள் முழுக்கப் பொய்க்காரி. என் பெயர் போனதோடு இருக்கட்டும்.

சனிக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்புமுன் குழந்தைகள் அறைக்குப் போனேன். இனிமேல் குழாயை அடைக்க நான் இருக்க மாட்டேன், சாட்சியைக் காப்பாற்றி இனி என்ன பண்ண? காய் நறுக்குகிற கத்தி முனையால் மூடியைக் கழற்றி, திருகைத் தளர்த்தினேன். பெண் கை பட்டு ஸ்பிரிங் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. உங்கள் கடிதப்படி அங்கே நிறுத்த வேண்டும். திருகின்மேல் மிச்சமிருந்த சிவப்புச் சாயம், விளிம்பில் இருந்த சாயத்துக்கு இன்னும் கீழேயே இருந்தது. நான்கு. ஐந்து. ஐந்தில் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்து பொருந்தின.

கை நடுங்க எழுதினேன் என்கிறீர்கள். நடுங்கின கையும் மூன்று என்றுதான் எழுதியிருக்கிறது. என்னைக் காப்பாற்ற எழுதின கடிதத்தில்கூட இரண்டு சுற்றை உங்களுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டீர்கள். பல்வஷா நேர்மையாக வாசித்து, குர்பானும் நீங்கள் சொன்னபடி மூன்று தளர்த்தியிருந்தால், அந்த இரண்டு சுற்று அவள் தலைமாட்டிலேயே இருந்திருக்கும்.

அவளை அடிக்க ஓங்கின கையை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். அவள் வரியை மாற்றினாள், நீங்கள் எண்ணை மாற்றினீர்கள். உங்கள் பெண்தான், சந்தேகமே வேண்டாம்.

எனக்கு இனி எழுத வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள், அவளே வாசிப்பாள். அடுத்த ஜனவரியில் யாராவது வந்து அதை மறுபடி திருகத்தான் போகிறார்கள். எத்தனை சுற்று என்று எண்ணி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் கிளம்பின அன்றைக்கு எத்தனை சுற்று என்பதையும் அவளுக்குச் சரியாக எழுதுங்கள்.

ஸர்குனா